கருத்துப் பெட்டி கதவுக்கு உட்புறம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசுத் துறை ஒன்று பொதுமக்களின் கருத்தைக் கேட்டுத் தன் இணையதளத்தைத் திருத்தியமைக்கப் போவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணினிக்கு முன்னால் உட்காரத் தயங்குகிறவர்களுக்கும், உட்கார்ந்து பார்த்துச் சலித்துப்போனவர்களுக்கும் இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். அரசுத் தளங்கள் யாவும் எளிதாகிவிட்டால் என்னிடம் வருவோர் தொகை குறையும் என்பதை அறிந்தேதான் இதை எழுதுகிறேன். முயற்சி வரவேற்கத்தக்கது, ஆனால் கேட்கும் இடமும் முறையும் தவறிவிட்டால், எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும் கேட்கப்பட வேண்டியவர்களின் குரல் அந்தத் துறையின் காதில் விழாது என்பதை அன்றாடம் கண்ணெதிரே பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில வாரங்களுக்கு முன் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் விண்ணப்பிக்க வேண்டிய தளம் எந்தத் துறையுடையது என்பது இங்கே தேவையில்லை. அதில் நான் கண்ட குறைகள் வேறு பல தளங்களிலும் இருப்பவைதான். வீட்டில் பேரனின் செல்பேசியில் மூன்று முறை முயன்று தோற்றிருந்தார். நான்காம் முறை நானே நிரப்பிவிடாமல், வீட்டில் செய்ததை அப்படியே செய்து காட்டும்படி கேட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தேன். பிறந்த தேதிக்கான கட்டத்தைத் தொட்டதும் ஒரு நாள்காட்டி விரிந்து நடப்பு மாதத்தில் நின்றது. அவர் பிறந்தது 1951. தேதியைத் தட்டச்சு செய்ய அந்தக் கட்டம் இடம் தரவில்லை. இடப்பக்க அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினால் ஒரு மாதம் பின்னே போகிறது. எண்ணூறு முறைக்கு மேல் அழுத்தினால்தான் அவர் பிறந்த மாதம் வரும். மேலே உள்ள மாதத்தின் பெயர்மீது விரலை வைத்தால் ஆண்டுகளின் பட்டியல் திறக்கும் என்பது பழக்கத்தால் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்துகொள்ள அந்தத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை. வீட்டில் முதல் முறை அழுத்திக்கொண்டே போய் 1990-களை எட்டிய நேரத்தில் விரல் வேறெங்கோ பட்டு நாள்காட்டி மூடிக்கொண்டதாம். மறுபடி திறந்தால் நடப்பு மாதம். "என் வயசுல ஒருத்தன் வருவான்னு அவங்க நினைக்கவே இல்ல தம்பி" என்று சிரித்தார்.

அடுத்தது புகைப்படம். 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றது தளம். இன்றைய செல்பேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் சில எம்பி அளவில்தான் இருக்கும். அதைச் சுருக்குவது கணினிக்கு ஒரு நொடி வேலை, அதைத் தளமே செய்துகொள்ளலாம். ஆனால் அந்த வேலை ஒவ்வொரு விண்ணப்பதாரரின் தலையிலும் தனித்தனியாக ஏற்றப்பட்டிருக்கிறது. படத்தைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் திரும்பியபோது, "தங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது" என்ற வாசகம் திரையில் நின்றது. "நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லையே" என்றார் அவர். கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டார். அந்த வாசகத்தை மொழிபெயர்த்தவருக்கு 'அமர்வு' பொருத்தமான கலைச்சொல்லாகப் பட்டிருக்கும். சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்ததால் பாதுகாப்புக் கருதித் தளம் தானாக மூடிக்கொண்டது, இதுவரை நிரப்பியவை போய்விட்டன, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற மூன்று செய்திகளில் ஒன்றுகூட அந்தச் சொல்லின் வழியாக அவரை எட்டவில்லை. (நிரப்பியவை போக வேண்டிய அவசியமே இல்லை என்பது தனி வருத்தம்.)

இவற்றுக்கெல்லாம் புதிதாக ஆராய்ச்சி நடத்தத் தேவையில்லை. இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் தளங்களைப் பயன்படுத்த முடிவதற்காக 2008-ல் வெளியிட்ட அணுகல் நெறிகளிலேயே, நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டி எச்சரித்து, அதை எளிதாக நீட்டித்துக்கொள்ளப் பயனாளருக்குக் குறைந்தது 20 நொடி தர வேண்டும் என்றும், பிழை நேர்ந்தால் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்பதை எழுத்தால் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. 2023-ல் வந்த பதிப்பு, ஒரே விண்ணப்பத்தில் ஒருமுறை தந்த விவரத்தை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தது. பிறந்த தேதியைப் பொறுத்தவரை, பிரிட்டன் அரசின் தளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பு நாள், மாதம், ஆண்டு என மூன்று வெற்றுக் கட்டங்களை வைத்து எண்களைத் தட்டச்சு செய்யவிடும்படி சொல்கிறது. நாள்காட்டி வேண்டியது அடுத்த வாரம் என்ன கிழமை என்று தேடுகிறவருக்கு. தான் பிறந்த தேதியை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஒருவழியாக விண்ணப்பம் ஏறியது. நன்றி தெரிவிக்கும் கடைசிப் பக்கத்தின் அடியில் ஐந்து நட்சத்திரங்களும் ஒரு கருத்துப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்கு மேலே, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்கான சிவப்புக் குறியோடு, விண்ணப்ப எண்ணைக் கேட்டிருந்தார்கள். விண்ணப்ப எண் விண்ணப்பித்து முடித்தவருக்குத்தான் கிடைக்கும். நாள்காட்டியிலேயே நின்றுபோனவருக்கும், படத்தைச் சுருக்கத் தெரியாமல் திரும்பியவருக்கும், அமர்வு முடிந்து எழுந்து போனவருக்கும் அந்த எண் இல்லை; ஆகவே அவர்களுக்குக் கருத்தும் இல்லை. மூன்று முறை தோற்றபோது இந்த முதியவர் அந்தத் தளத்தின் கணக்கில் யாராகவும் இருக்கவில்லை. நான்காம் முறை, அதுவும் என் உதவியோடு, கரையேறிய பின்புதான் 'பயனாளர்' ஆனார். இப்படித் திரட்டிய கருத்துகளை வைத்து, பெரும்பான்மையோர் நான்கு நட்சத்திரம் தந்திருக்கிறார்கள் என்று துறை அறிக்கை எழுதினால் அதில் ஒரு எண்ணும் பொய்யாக இருக்காது. ஆற்றைக் கடந்தவர்களை அக்கரையில் நிறுத்தி வைத்து ஆழம் கேட்டது போலத்தான் அது.

இந்தக் குறை ஏழை நாடு, பணக்கார நாடு பார்த்து வருவதில்லை. அமெரிக்க அரசு தன் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைக்காக ஹெல்த்கேர்.கவ் தளத்தை 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே என்பது பின்னர் வெளியான உள்குறிப்புகளில் தெரிந்தது. காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, காப்பீட்டுத் திட்டங்களையும் கட்டணங்களையும் பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்தது. கடைக்குள் எட்டிப் பார்க்கவே அடையாள அட்டை கேட்டதால் இலட்சக்கணக்கானோர் ஒரே வாசலில் முட்டி மோதினார்கள். அந்த ஆறு பேரிடம் மட்டும் திருப்தியளவு கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

பிரிட்டன் 2012 அக்டோபரில் இரண்டு பழைய தளங்களுக்கு மாற்றாகக் கவ்.யூகே என்ற ஒற்றைத் தளத்தைத் தொடங்கியதையொட்டி, இணையவழிச் சேவை ஒவ்வொன்றும் நான்கு அளவுகளைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று வைத்தது. ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் செலவு, பயனாளரின் திருப்தி, இணைய வழியைத் தேர்ந்தவர்களின் பங்கு ஆகியவற்றோடு, தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதும் அந்த நான்கில் ஒன்று. என் அனுபவத்தில் இந்தக் கடைசி எண்தான் நேர்மையானது. நட்சத்திரத்தைக் குடிமகன் தயவு பண்ணிக் கொடுப்பான். பாதியில் விட்டுப் போகும்போது அவன் தயவு பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தில், எந்தக் கேள்வியில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பதைத் தளம் தானாகக் குறித்துக்கொள்ள முடியும். யாருடைய பெயரும் அதற்குத் தேவையில்லை.

அதோடு, நின்றுபோனவர்களின் பேச்சு முழுதாகக் காற்றில் கரைந்துவிடுவதும் இல்லை. உதவி எண்ணில் தொலைபேசியை எடுப்பவரிடமும், அலுவலகச் சாளரத்தில் இருக்கும் எழுத்தரிடமும், என்னைப் போல் விண்ணப்பம் நிரப்புகிறவர்களிடமும் அது நாள்தோறும் வந்து குவிகிறது. ஒரே கேள்வியை ஒரு நாளில் முப்பது பேர் கேட்டால் அந்தக் கேள்வி இருக்க வேண்டிய இடம் உதவி எண் அல்ல என்று எழுத்தருக்குத் தெரியும். அதைத் தளத்தை எழுதுகிறவரிடம் சொல்வதற்குத்தான் அவருக்கு வழியில்லை. தளத்தின் தேடல் பெட்டியும் ஒரு சாட்சி. தளம் 'விவரத் திருத்தக் கோரிக்கை' என்று தலைப்பிட்டு உட்கார்ந்திருக்கும். மக்கள் 'பேர் தப்பா இருக்கு' என்று தட்டச்சு செய்து, முடிவுகள் ஏதுமில்லை என்ற பதிலோடு திரும்புவார்கள். தேடிக் கிடைக்காத சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தாலே, எந்தத் தலைப்பை எந்தச் சொல்லால் மாற்றி எழுத வேண்டும் என்பதைக் குடிமக்களே எழுதித் தந்திருப்பது தெரியும்.

வந்து சேரும் கருத்தையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாகாது. "சைட் ரொம்ப ஸ்லோ" என்று நூறு பேர் எழுதினால், துறை உடனே சர்வரின் திறனைக் கூட்டச் சொல்லிவிடும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவரை, அப்படிச் சொல்கிறவர்களில் பலர் காத்திருந்தது பக்கம் திறப்பதற்காக அல்ல, ஓடிபிக்காக. அறுபது நொடி எண்ணிக்கை ஓடி முடிகிறது, குறுஞ்செய்தி வரவில்லை, 'மீண்டும் அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார்கள். அழுத்திய மறுநொடி முதலில் அனுப்பிய எண் வந்து சேர்கிறது. ஆவலோடு அதைப் போட்டால், புதிய எண் பிறப்பிக்கப்பட்டுவிட்டதால் பழையது செல்லாது. தளமோ 'தவறான ஓடிபி' என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவது எண் வருவதற்குள் அவர்கள் மூன்றாவது முறை அழுத்தியிருப்பார்கள். ஐந்து முறை தவறியதால் கணக்கு ஒரு நாளைக்கு முடக்கப்படுகிறது. இதற்கு மருந்து பெரிய சர்வர் இல்லை. முந்தைய எண்ணையும் சில நிமிடங்களுக்கு ஏற்பதும், குறுஞ்செய்தி வரத் தாமதமாகலாம், காத்திருங்கள் என்று ஒரு வரி எழுதி வைப்பதும் போதும். எழுத்தில் வந்த புகார் வலிக்கும் இடத்தைக் காட்டும், நோயைச் சொல்லாது. நோயைக் காண, புகார் சொன்னவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். பயன்பாட்டு ஆய்வில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன், இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். எண்ணிக்கையைப் பற்றி வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. ஒருவரைக்கூடப் பார்க்காமல் திறக்கப்படும் தளங்களைப் பார்க்கும்போது ஐந்தா பத்தா என்ற விவாதம் எனக்கு ஆடம்பரமாகத் தோன்றுகிறது. அந்த ஐவரில் ஒருவர் பார்வையற்றவராக, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானின் துணையோடு இயங்குகிறவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். படத்தில் உள்ள கோணல் எழுத்துகளைப் பார்த்து எழுதி 'நான் மனிதன்' என்று மெய்ப்பிக்கச் சொல்லும் இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதைத் துறை அதிகாரி ஒருமுறை நேரில் பார்த்தால் போதும்.

தமிழில் இயங்கும் தளங்களுக்கென்று தனியான தொல்லை ஒன்றும் உண்டு. இதைக் கருத்துப் பெட்டியில் யாராலும் எழுத முடியாது, ஏனெனில் பாதிக்கப்பட்டவருக்கே காரணம் தெரியாது. தமிழ்ச்செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிப் பார்த்தால் ஏழு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் புள்ளியும் ஒற்றைக்கொம்பும் மேல்விலங்கும் தனித்தனிக் குறியீடுகளாதலால் அது பதின்மூன்று குறியீடாகிறது. வழக்கமான யூடிஎஃப்-8 சேமிப்பில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிற்றலகு) பிடிப்பதால் அதே பெயர் 39 பைட். ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்துப் பெயருக்கு 30 பைட் போதும் என்று தரவுத்தளத்தை வகுத்தவர் நல்லவர்தான். ஆனால் அவர் வகுத்த கட்டத்துக்குள் தமிழ்ச்செல்வி கடைசி எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தின் புள்ளியையும் இழந்து 'தமிழ்ச்செல' என நிற்பாள். சான்றிதழில் அப்படியே அச்சாகி வந்த பின், பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தது விண்ணப்பதாரர்தான் என்று சாளரத்தில் சொல்வார்கள். அவரும் ஒருவேளை அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார். தேடலிலும் இதே கதை உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும்படி நிரலில் சொல்லாவிட்டால், பட்டியலில் இருக்கும் பெயரையே இல்லை என்று தளம் கைவிரிக்கும். இத்தகைய குறைகளைக் கண்டுபிடிக்க, தமிழில் பெயர் எழுதும் மக்களை வைத்துத் தளத்தைத் திறப்பதற்கு முன் சோதிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கருத்துச் சொன்னவருக்குப் பதில் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் இயற்றிய நெறியாணை, பொதுத்துறைத் தளம் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த அளவுக்கு அணுகத்தக்கது என்ற அறிக்கையைத் தளத்திலேயே வெளியிட வேண்டும், குறைகளைத் தெரிவிக்க வழி வைக்க வேண்டும், திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் மேலே முறையிடவும் வழி இருக்க வேண்டும் என்று சட்டமாகவே விதித்தது. நம் கண்ணில் படும் கருத்துப் பெட்டிகள் பலவும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்ற வரியோடு கடமையை முடித்துக்கொள்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனிக்கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்த மாதம் வந்த குறைகள் இவை, இவற்றைத் திருத்தினோம், இன்னவற்றை இன்ன காரணத்தால் திருத்த இயலவில்லை என்று ஒரு பக்கம் வெளியிட்டால் போதும். திருத்த இயலாமைக்குச் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். சட்டம் கேட்கச் சொல்லும் ஒரு விவரத்தைத் தளத்தை வடிவமைத்தவரால் நீக்கிவிட முடியாது என்பது சொன்னால் புரியாத விஷயம் இல்லை.

மற்றொன்று, திருத்தியமைப்பது என்றால் அடியோடு இடித்துக் கட்டுவது என்றே பல துறைகள் எடுத்துக்கொள்கின்றன. முகப்பில் உருளும் படங்கள் புதிதாகும், திறப்பு விழாப் புகைப்படம் ஏறும், நாள்காட்டி அதே நடப்பு மாதத்தில் நிற்கும். பழைய முகவரிகள் எல்லாம் செத்துப்போய், நாங்கள் குறித்து வைத்திருந்த இணைப்புகளும் துறையே முன்பு அச்சிட்டுக் கொடுத்த துண்டறிக்கையில் உள்ள இணைப்பும் 'பக்கம் காணப்படவில்லை' என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். வாரத்துக்கு ஒரு கேள்வியைச் சீராக்கினாலும் ஆண்டு முடிவில் ஐம்பது கேள்விகள் சீராகியிருக்கும், வழக்கமாக வருகிறவரும் வழி தடுமாற மாட்டார்.

அந்த முதியவருடைய விண்ணப்பத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். எண் கிடைத்துவிட்டதே, கருத்தை எழுதிவிடலாமா என்று கேட்டேன். உற்சாகமாகிவிட்டார். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டச்சு செய்தேன்: பிறந்த வருடத்தைக் கையால் எழுத விடுங்கள், படத்தை நீங்களே சுருக்கிக்கொள்ளுங்கள், நேரம் முடியப்போகிறது என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். அனுப்பு பொத்தானை அழுத்தியதும், 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதியில்லை' என்று சிவப்பில் வந்தது. எந்தக் குறியீடு என்று தளம் சொல்லவில்லை. காற்புள்ளிகளை எடுத்துவிட்டுப் பார்த்தேன், முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் தவிர மற்ற எல்லாமே அந்தப் பெட்டிக்குச் சிறப்புக் குறியீடுதான் என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது. "பரவாயில்ல, வேற எங்கயாவது எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒப்புகைச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் போனார். அவர் சொன்ன மூன்றையும் அந்தத் துறை தங்கள் நாளிதழ் வாயிலாகவாவது படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பிறருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருபவன்